பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒரு ரூபிள்

டீச்சரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "இதைத் தேய்க்காதீங்க." பழைய காசோடு யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்கிற வாக்கியம் அது. பல வருடங்களாகச் சொல்லி வந்ததில், சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது. அன்றைக்கு மட்டும் விட்டுப்போனது. கடைவாய்ப்பல் வீங்கி இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தி. நகரில் பாத்திரக் கடைகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில், மாடியில் பாயின் கடை. பழைய நாணயம், நோட்டு, தபால்தலை. படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். அதுதான் என் இடம். அதற்கு முன்னால் பாண்டி பஜார் நடைபாதையில் துணி விரித்துப் பழைய காசு விற்றுக்கொண்டிருந்தேன். நடைபாதையை அகலமாக்கிக் கல் பதித்தபோது என் துணிக்கு இடமில்லாமல் போனது. பாய்தான் கூப்பிட்டு மாடியில் உட்காரவைத்தார். வெளிநாட்டுக் காசு வந்தால் பார்த்துச் சொல்லவேண்டும். விற்றால் ஒரு பங்கு, விற்காவிட்டால் டீ. டீ குடித்த நாட்கள்தான் அதிகம்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆங்கிலமே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ரஷ்ய எழுத்து படிக்கத் தெரியும். கோவாவில் கடற்கரை ஓரத்துச் சாப்பாட்டுக் கொட்டகை ஒன்றில் மூன்று சீசன் பாத்திரம் கழுவினேன். அங்கே சாப்பிட வந்தவர்களில் பாதிப்பேர் ரஷ்யர்கள். மெனுப் பலகையை அவர்கள் எழுத்தில் எழுத ஆள் தேவைப்பட்டது. என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று முதலாளி சாக்பீஸை என்னிடம் கொடுத்துவிட்டார். மீன் வறுவலையும் எலுமிச்சை சோடாவையும் தினமும் எழுதி அழித்து எழுதியதில் எழுத்து கைக்கு வந்தது. மழைக்காலத்தில் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். அப்போது நான் ஹூப்ளி, ஹைதராபாத் என்று கிடைத்த வண்டியில் ஏறிவிடுவேன். ஒரு மழைக்காலத்தில் மட்டும் கோவாவிலேயே தங்கினேன். பழைய காசில் பொய் முத்திரை அடித்து விற்கும் ஒருவருக்கு எடுபிடியாக. அவர் உளியால் அடிப்பார், நான் முட்டை அவிப்பேன். அவித்த முட்டையை உடைத்து ஒரு டப்பாவில் போட்டு, கூடவே வெள்ளிக் காசையும் போட்டு மூடிவைத்தால், மறுநாள் அது நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்த மாதிரி கறுத்திருக்கும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்காததை அந்த அறையில் கற்றேன். பொய்யைச் செய்யக் கூட இருந்தால்தான் பொய் எங்கே வழுக்கும் என்று தெரியும்.

டீச்சர் முதல் தடவை வந்தது ஒரு மழைநாளின் காலை. எழுபதைத் தாண்டிய வயது. ஒரு படிக்கு ஒரு தடவை நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறி வந்தார்.

"ரஷ்யாக் காசு பாக்குறவர் இங்க யாரு?"

பாய் உள்ளிருந்து கை காட்டினார். "அதோ, கன்னத்தப் புடிச்சிக்கினு ஒக்காந்துகீறாரே, அவருதாம்மா."

டீச்சர் என்னைப் பார்த்தார். "பல்லா? கிராம்பு வெச்சீங்களா?"

"வெச்சேன்மா. கேக்கல."

"கேக்காது. புடுங்கணும். தள்ளிப்போட்டா எல்லாமே புடுங்கறதுலதான் முடியும்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு சின்ன பிஸ்கட் டின்னை எடுத்தார். மயிலாப்பூரில் சர்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் என்று பிறகு தெரிந்தது. அப்போதே நான் அவரை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். வேறு எப்படியும் கூப்பிடத் தோன்றவில்லை.

டின்னுக்குள் பஞ்சில் ஒரு வெள்ளி ரூபிள் இருந்தது. சுற்றிலும் வெள்ளிச் சட்டம், மேலே சங்கிலியில் கோக்க ஒரு வளையம். காசில் கடைசி ஜாரின் தாடி வைத்த பக்கவாட்டு முகம். அவர் கழுத்தில் குறுக்கே, காசு அச்சான பிறகு யாரோ தனியாக அடித்த ஒரு சின்ன நீள்சதுர முத்திரை. எழுத்தெல்லாம் கறுப்பேறி இருந்தது. வாய்க்குள்ளேயே கூட்டிப் படித்தேன். கோவாவின் அறையில் பொய்யாக அடித்ததும் இதே வாசகம்தான், அர்த்தம் தெரியும்.

"என்ன போட்டிருக்கு?"

"அரச வம்சம் கவுந்துபோச்சு, 1917 மார்ச்சுன்னு போட்டிருக்கு டீச்சர்."

"அவர் மூஞ்சி மேலயே அவருக்கு டிஸ்மிஸ் ஆர்டரா?" டீச்சர் சிரித்துவிட்டார். "எங்கம்மா இதை ஒரே ஒரு ஈஸ்டருக்குப் போட்டாங்க. என்ன எழுத்தோ, கெட்ட வார்த்தையா இருந்தா கோயிலுக்குள்ள எப்படிப் போறதுன்னு கழட்டி டின்ல போட்டவங்கதான்."

அவருடைய அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். அப்போது சோவியத்தில் இருந்த ஒடெஸா துறைமுகத்தில் ஒரு கூலிக்காரர் இரண்டு தேயிலைப் பொட்டலத்துக்குப் பதிலாக இதைக் கொடுத்தாராம். அப்பா ஊருக்கு வந்து சட்டம் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா டின்னில் போட்டார். அதோடு அது வெளியே வரவில்லை.

இந்த வகை முத்திரை வைத்த ரூபிள் சந்தைக்கு நிறையவே வரும். அதில் பெரும்பாலானவை பிற்காலத்தில் எவனாவது ஓர் அறையில் உட்கார்ந்து அடித்தவை. முத்திரை உண்மையானால் சாதாரண ரூபிளைவிடப் பல மடங்கு விலை. பொய்யானால் சாதாரண ரூபிளைவிடக் கீழே, நல்ல காசை அடித்துக் கெடுத்தாகிவிட்டதே. நடுவில் எதுவும் இல்லை. ஆகவே முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது. காசைத் திருப்பிப் பார்க்கவேண்டும். முகத்தில் அடித்தால் முதுகு வீங்கும். அந்த வீக்கத்தின் உச்சி, காசு கைமாறும்போது தேய்ந்திருக்கிறதா, இல்லை புதிதாகப் புடைத்து நிற்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். முத்திரையின் ஓரத்தில் உலோகம் ஒதுங்கி ஒரு வரப்பு எழும். புது அடியாக இருந்தால் அது நகத்தைக் கீறும். எழுத்தின் பள்ளத்தில் உள்ள கறுப்பும் ஜாரின் காது மடலில் உள்ள கறுப்பும் ஒரே வயதா என்பது கடைசி. முட்டைக் கறுப்பு மேலோடு நிற்கும். காலத்தின் கறுப்பு மூலையில் கெட்டிப்படும், அதில் தூசி இருக்கும், எண்ணெய் இருக்கும், பஞ்சு நூல்கூட இருக்கும்.

டீச்சரின் காசுக்கு முதுகில் வீக்கம் இருந்தது, உச்சி மழுங்கியிருந்தது. வரப்பு நகத்தைக் கீறவில்லை. பள்ளத்துக்குள் கறுப்பு கல் மாதிரி இறுகியிருந்தது. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு பாயைப் பார்த்தேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குந்திவிட்டார். அவர் குந்தி நான் பார்த்ததில்லை, அவருக்கும் முட்டிவலி.

"இன்னா நைனா, மெய்யாலுமா?"

"பாத்தா அப்படித்தான் தெரியுது பாய். விளிம்பு பாக்கணும், எடை பாக்கணும்."

விளிம்பு சட்டத்துக்குள் இருந்தது. அதில் ஓடும் எழுத்தைப் படித்தால்தான் அடியில் இருக்கும் ரூபிளே உண்மையா என்று உறுதியாகும். பாய்க்குக் கோயம்புத்தூரில் ஒரு வாடிக்கையாளர் உண்டு. ரஷ்யக் காசு மட்டும் வாங்குபவர். மாதக் கடைசியில் வருவார், தன் கண்ணால் பார்க்காமல் தொடமாட்டார். அதற்குள் சட்டத்தைப் பிரித்தாகவேண்டும்.

டீச்சரும் மாதக் கடைசியைத்தான் சொன்னார். அவர் இருந்த வாடகை வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். பாலவாக்கத்தில், கடல் பக்கம், வயதானவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தார். மாதாமாதம் கட்டுவதற்குப் பென்ஷன் போதும். முன்பணம்தான் இல்லை. மாதக் கடைசிவரை அறையை நிறுத்திவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முடியாவிட்டால் மேற்கு மாம்பலத்தில் தம்பி மகன் வீடு.

"அவன் நல்லவன்தான்" என்றார் டீச்சர். "வீட்டுல ஒரு ஹாலு, ஒரு ரூம். ஹால்ல ஃப்ரிட்ஜ் பக்கத்துல எனக்குக் கட்டில் போடுறேன்னு சொல்றான். நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா பாலவாக்கத்து ரூம்ல உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு தம்பி. நானே போட்டுப் பாத்துட்டு வந்தேன்."

சட்டத்தைப் பிரிக்க நானே கூடப் போயிருக்கவேண்டும். மயிலாப்பூருக்கு ஒரு பஸ். வெளியே மழை, பல் காதுவரை தெறித்தது, எனக்கு எழுந்து நிற்கவே மனமில்லை. "உங்க பக்கமே ஆசாரி யாராவது இருப்பாங்க டீச்சர். சட்டத்த மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். திரையில் கீறல் விழுந்த போன், படிக்கட்டு வெளிச்சம்.

"அவ்வளவுதானே?" என்றார் டீச்சர் எழுந்துகொண்டே.

"அவ்வளவுதான் டீச்சர்."

நான்கு நாள் கழித்து வந்தார். இந்தத் தடவை படியில் அவ்வளவு நிற்கவில்லை. பல்லைப் பிடுங்கிவிட்டேனா என்று முதலில் கேட்டார். பிடுங்கியிருந்தேன். "பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டு, நகைக்கடையில் மடிக்கும் ரோஸ் தாளில் மடித்த பொட்டலத்தை என் கையில் வைத்தார். பிரிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ரோஸ் தாளில் அழுக்கை யாரும் மடித்துத் தரமாட்டார்கள்.

காசு புதுக் கொலுசு மாதிரி இருந்தது. ஜாரின் தாடி முடி ஒவ்வொன்றும் மின்னியது. முத்திரையின் பள்ளத்தில் கறுப்பு ஒரு துளி இல்லை, எழுத்து நேற்று அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. திருப்பினேன். முதுகில் வீக்கம் இல்லை. தட்டையாக, வழுவழுவென்று இருந்தது.

"சட்டம் எடுக்க மட்டும்தான் குடுத்தேன்" என்றார் டீச்சர். குரலில் ஒரு பெருமை. "அவரே பூந்திக்கொட்டத் தண்ணில போட்டு பிரஷ் வெச்சு தேய்ச்சுக் குடுத்துட்டாரு. பின்னாடி மேடா இருந்ததையும் தட்டி சரி பண்ணிட்டாரு. அதுக்குக் காசே வாங்கல. வெள்ளிய அழுக்கோட திருப்பிக் குடுத்தா என் கைக்குத்தான் அசிங்கம்னாரு. இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்காங்க?"

பாய் எழுந்து வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "யா அல்லா" என்றார் மெதுவாக. பிறகு உள்ளே போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. விளிம்பைப் பார்த்தேன், எழுத்து சரியாக இருந்தது. பாயின் சின்னத் தராசில் வைத்தேன், இருபது கிராமுக்கு ஒரு நூலிழை குறைவு, அதுவும் சரி. ரூபிள் உண்மை. முத்திரையும் உண்மை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைக் காட்டிக்கொடுத்த எதுவும் இப்போது காசில் இல்லை. இனி இது போன வாரம் ஓர் அறையில் அடித்ததற்கும் நூறு வருடத்துக்கு முன்னால் அடித்ததற்கும் வித்தியாசம் தெரியாத காசு.

"தேய்க்காதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும் டீச்சர்."

"ஆமா" என்றார் டீச்சர். "சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். பரவாயில்லை என்று சொல்வார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவர் டீயை எடுத்து ஊதிக் குடித்தார்.

பாய் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். என் போனில் இருந்த படத்தை அனுப்பினோம். படத்தில் மூன்றில் ஒரு பங்கு என் கட்டைவிரல், மீதியில் சட்டத்தின் பளபளப்பு. முதுகுப்பக்கம் நான் எடுக்கவே இல்லை. ஸ்பீக்கரில் அந்த மனிதரின் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "அவரு பாத்திருக்கலாங்க. நான் பாக்கலைங்களே. தேச்ச காசு நமக்கு வேண்டாங்க."

போனை வைத்ததும் பாய் என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தவில்லை, டீச்சருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னார். "நைனா, உனக்குத்தான் அந்த முட்ட வேல தெரியுமே. கறுப்ப மட்டும் திரும்ப ஏத்திக் குடு. இவுரு இல்லாங்காட்டி வேற பார்ட்டி. நாம இன்னா பொய்யா சொல்லப் போறோம்? மெய்யான காசுக்குத்தானே மேக்கப்பு?"

"முட்டையா?" என்றார் டீச்சர்.

விளக்கினேன். கோவாவின் அறையையும், வெளியே காற்றில் வைத்தால் வெள்ளி தானாகவே மெல்லக் கறுக்கும் என்பதையும் சொன்னேன். டீச்சர் காசைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டார். அவர் சரி என்று சொன்னால் அன்று சாயங்காலமே முட்டை வாங்கியிருப்பேன். அதை இங்கே மறைத்து எழுத ஒன்றும் இல்லை. அந்த அறையின் தாழ்ப்பாள் என் மண்டைக்குள் நின்றுகொண்டிருந்தது.

"உண்மையானதுதான்னு உங்களுக்குத் தெரியும். ஆனா எப்படித் தெரியும்னு காட்ட முடியாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"பரீட்சையில பசங்க இப்படித்தான் எழுதுவாங்க. விடை சரியா இருக்கும், வழிமுறை இருக்காது. மார்க் குடுக்க மாட்டேன். காப்பி அடிக்கல டீச்சர், மனசுலயே போட்டேன்னு அழுவாங்க. உண்மையிலயே மனசுல போட்டவங்களும் அதுல இருந்திருப்பாங்க இல்ல?" காசின் முதுகைக் கட்டைவிரலால் தடவினார். "அப்புறம் சில பேரு விடைய வெச்சுக்கிட்டு, பின்னாடியிருந்து வழிமுறைய இட்டுக்கட்டுவாங்க. அவங்களுக்கு நான் சைபர் போடுவேன். முட்டை."

பாய்தான் முதலில் சிரித்தார். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டவர் மாதிரி, தேய்த்த ரூபிளுக்கு என்ன தரமுடியும் என்று சொன்னார். நியாயமான விலைதான், என் பங்கையும் விட்டுவிட்டுத்தான் சொன்னார். முன்பணத்துக்கு அது ஒரு மூலைக்கும் வராது. டீச்சர் காசை அதே ரோஸ் தாளில் மடித்து, டின்னில் போட்டு மூடினார்.

மறுநாள் நான் அந்த ஆசாரியைத் தேடிப் போனேன். ஐந்து நாள் முன்னால் போயிருக்கவேண்டிய அதே பஸ். மயிலாப்பூரில் ஒரு சந்தில், ஏணிப்படிக்கு அடியில் பட்டறை, ஓர் ஆள் உட்காரத்தான் இடம். வெட்டிய சட்டம் கிடைத்தால் அதன் உள்பள்ளத்திலாவது பழைய அழுக்கு இருக்கும், எதையாவது காட்டலாம் என்று ஓர் எண்ணம்.

"சட்டமா? அத அப்பவே உருக்கிட்டேனே சார். அதுக்கான துட்ட அந்தம்மா கையில குடுத்துட்டேன். ஒரு பொட்டு எனக்குன்னு வெச்சுக்கல" என்றார். புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"பின்பக்கம் மேடா இருந்துச்சே, எவ்ளோ இருந்துச்சு?"

"தொப்ப மாதிரி இருந்துச்சு சார். மரக்கட்ட மேல வெச்சு, காசுக்குக் காயம் படாம தோலு சுத்தின சுத்தியால தட்டினேன். எடுக்கறதுக்கே அரமணி நேரம் ஆச்சு. ஏன், திரும்பவும் கெளம்பிக்கிச்சா?"

"இல்ல. நல்லா உக்காந்துருச்சு" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. பக்கத்தில் பூந்திக்கொட்டைக் கிண்ணம் இருந்தது. பழுப்புத் தண்ணீர், மேலே நுரை. தினமும் மாற்றுவீர்களா என்று கேட்டேன். காலையில் மாற்றுவாராம். நூறு வருடத்து அழுக்கு இந்தச் சந்தின் சாக்கடையில்தான் போயிருக்கும். நல்ல வேலை செய்த கையிடம் என்னவென்று சொல்வது.

மாதக் கடைசியில் டீச்சரின் சாமான்களை மேற்கு மாம்பலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். நானும் அந்தப் பக்கம்தான் அறை எடுத்திருக்கிறேன், நான்கு பேர் பங்கில். ஒரு குட்டியானை வண்டி போதுமானதாக இருந்தது. கட்டில், ஒரு இரும்புப் பெட்டி, மாதா படம், திருத்தாத பழைய விடைத்தாள் ஒரு கட்டு. விடைத்தாளை ஏன் எடுத்துவருகிறீர்கள் என்று கேட்டேன். "திருத்தலையே" என்றார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் சந்துக்குள் வண்டி நுழையவில்லை. கடைசி ஐம்பது அடி கட்டிலைத் தலையில் வைத்துத் தூக்கினேன். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சொன்னபடியே இடம் ஒழித்து வைத்திருந்தார்கள். கட்டிலைப் போட்டபிறகு ஃப்ரிட்ஜ் கதவு முக்கால்தான் திறந்தது. தம்பி மகனின் மனைவி "பரவால்ல அத்த, முக்கா தொறந்தா போதும்" என்றாள்.

பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலூர், கடப்பா என்று சுற்றினேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி வந்து ஒரு நாள் மத்தியானம் போனபோது டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வைத்திருக்கவில்லை, உள்ளறையில் யாரோ தூங்கினார்கள். ஜன்னல் மேடையில் சின்ன எவர்சில்வர் தட்டில் ரூபிள் கிடந்தது.

"டின்ல வைக்கலையா டீச்சர்?"

"வெளிய வெச்சா கறுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. காத்து படட்டும்னு வெச்சேன். முட்டையெல்லாம் இல்ல, தானா கறுக்கட்டும். நெஜமாவே கறுக்க எவ்ளோ நாளாகும்?"

"நாப்பது, அம்பது வருஷம் ஆகும் டீச்சர்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். "ஆனா ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சுது தம்பி. காதுகிட்ட லேசா மஞ்சளாச்சு, தாடிக்குள்ள கொஞ்சம். கண்ணாடி போட்டுக்கிட்டு தினம் பாப்பேன்."

நான் தட்டிலிருந்து காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். காதில் மஞ்சள் இல்லை. தாடியில் எதுவும் இல்லை. புதுக் கொலுசு மாதிரி மின்னியது. முத்திரையின் எழுத்திடுக்கில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது, மோந்து பார்த்தேன், பல்பொடி.

டீச்சர் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்து நான் பூசைக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா, மருமக தேய்ச்சு வெச்சிருக்கா. அத்த, உங்க காசு மங்கிப்போச்சு, நான் பளிச்சுனு ஆக்கிட்டேன்னா."

"நீங்க சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? இந்த வீட்டுல எதைத் தொடாதேன்னு நான் சொல்ல முடியும்?" உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நல்ல பொண்ணு தம்பி. சும்மா இருக்க மாட்டேங்குறா, அவ்வளவுதான்."

காசைத் தட்டில் வைத்தேன். டீச்சர் எழுந்து, ஃப்ரிட்ஜ் கதவை முக்கால்வாசி திறந்து, கையை வளைத்து உள்ளே விட்டு, எனக்கு ஒரு தம்ளர் மோர் எடுத்துக் கொடுத்தார்.